பின்னால் செய்யவேண்டிய வேலைக்கு முன்னால் ஒரு தொட்டி

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், காற்றூட்டும் தொட்டியிலிருந்து 1 லிட்டர் நீரை அளவு உருளையில் பிடித்து வையுங்கள். அரை மணி நேரத்தில், பாக்டீரியாக்கள் திரண்ட பழுப்பு நிறக் கசடு அடியில் படிந்துவிடும். இன்னும் ஓரிரு மணி நேரம் விட்டால், சில சமயம் படிந்த கசடு திட்டுத் திட்டாக மேலே மிதந்து வரும். தூக்கிவருபவை நைட்ரஜன் குமிழ்கள். நம்மைச் சுற்றியுள்ள காற்றில் 78 சதவீதம் இருக்கிறதே, அதே வாயு. எனக்கு இன்னும் அலுக்காத காட்சி இது.

சிறுநீரில் உள்ள யூரியா, குழாயில் வரும்போதே பெரும்பாலும் அமோனியாவாகிவிடும். அதை ஏரியில் விட்டால் மீன் சாகும், பாசி மண்டும். காற்றூட்டும் தொட்டியில் நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்க, நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரேட்டாக்குகின்றன. அமோனியாவில் உள்ள 1 கிராம் நைட்ரஜனுக்குச் சுமார் 4.6 கிராம் ஆக்சிஜன் தேவை. இவை நிதானமாகப் பெருகுபவை. கசடை அவசரப்பட்டு வெளியேற்றினால் இவையும் சேர்ந்து போய்விடும்.

நைட்ரேட்டை வாயுவாக்குவது வேறு கூட்டம். நீரில் கரைந்த ஆக்சிஜன் தீர்ந்துபோனால், இவை நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிச் சுவாசிக்கும். மிஞ்சும் நைட்ரஜன் குமிழாகப் பறக்கும். சரி, அப்படியானால் காற்றில்லாத தொட்டியைக் கடைசியில்தானே கட்டவேண்டும்? அங்கேதான் சிக்கல். இவற்றுக்குத் தின்னக் கரிமப்பொருள் வேண்டும். காற்றூட்டி முடித்த நீரில் அது அநேகமாகக் காலி. வயிறு நிறையச் சாப்பாடு இருப்பது இப்போதுதான் வந்து விழும் சாக்கடை நீரில்.

அதனால் 1962-இல் அமெரிக்காவில் லட்சாக், எட்டிங்கர் என்ற ஆய்வாளர்கள் காற்றில்லாத பகுதியை முன்னால் வைத்தார்கள். 1970-களில் தென்னாப்பிரிக்கப் பொறியாளர் ஜேம்ஸ் பர்னார்ட், காற்றூட்டிய நீரைப் பம்ப் வைத்து அந்த முதல் தொட்டிக்கே திருப்பினார். நைட்ரேட் சாப்பாட்டைத் தேடிப் போகிறது! இங்கே நைட்ரேட் தரும் ஆக்சிஜனிலேயே கரிமப்பொருளில் ஒரு பங்கு தீர்ந்துவிடுவதால், காற்று ஊதும் மின்செலவும் குறைகிறது.

ஆனால் முழுதும் அகற்ற முடியாது. உள்ளே வருவதைப்போல 4 மடங்கு நீரைத் திருப்பினால், உருவாகும் நைட்ரேட்டில் அதிகபட்சம் 80 சதவீதம் வாயுவாகும். ஐந்தில் ஒரு பங்கு வெளியேறும். இன்னும் கூட்டித் திருப்பினால் கரைந்த ஆக்சிஜனும் கூடவே போய் முன்தொட்டி வேலையைக் கெடுக்கும்.

உருளையில் கசடைத் தூக்கியது அந்த மிச்ச நைட்ரேட்டிலிருந்து வந்த வாயுதான். நிலையத்தில் கசடைப் படியவிடும் படிவுத் தொட்டியிலும் இதுவே நடக்கும். மேலே கசடு மிதந்தால், அது அடியில் அதிக நேரம் கிடக்கிறது என்று அர்த்தம். சீக்கிரம் உறிஞ்சி எடுக்கவேண்டும்.