சொல் விளக்கம்: டிபெண்டென்சி – சார்பு

லினக்ஸில் ஒரு பொதி (பேக்கேஜ், அதாவது நிறுவுவதற்குக் கட்டிவைத்த மென்பொருள்) இயங்க வேண்டுமானால் வேறொரு பொதி கணினியில் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை டிபெண்டென்சி என்கிறோம். அப்படித் தேவைப்படும் பொதிக்கும் அதே பெயர்தான். (பேக்கேஜைப் பொட்டலம் என்பவர்களும் உண்டு. எனக்குச் சுண்டல்தான் நினைவுக்கு வருகிறது, பொதி போதும்.)

வேர் லத்தீன். அங்கே 'பெண்டேரே' என்றால் தொங்குதல். 'டி' சேர்ந்தால் ஒன்றைப் பிடித்துக் கீழே தொங்குவது. பெண்டுலம், பெண்டன்ட் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

தமிழில் இதற்குச் சார்பு. சார்தல் என்றால் ஒட்டியிருத்தல், சாய்ந்திருத்தல். 'கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல்' என்று பள்ளியில் ஒப்பித்தோமே, அந்தச் சார்தான். தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை நாம் குடியிருப்பதே அந்தச் சொல்லுக்குள். இலக்கணத்தில் சார்பெழுத்து இருக்கிறது: அஃது, எஃகு என்று முன்னும் பின்னும் எழுத்து இருந்தால்தான் ஆய்தம் வரும், தனியே நிற்காது. உபுண்டு லினக்ஸுக்கு மூலமான டெபியன் லினக்ஸின் பொதிக்குள் 'டிபெண்ட்ஸ்' என்று எழுதியிருக்கும் வரிக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி கிடையாது.

ஒரு தொல்லை உண்டு. கணக்குப் பாடத்தில் ஃபங்ஷனுக்கும் சார்பு என்றே பெயர். நிரல் எழுதுகிறவர்கள் அதைச் செயற்கூறு என்று சொல்லிவிட்டால் மோதல் தீரும். தேவைப்படும் பொதியைச் சார்புப் பொதி என்றால் இன்னும் தெளிவு. 'புரோக்கன் டிபெண்டென்சி'யை உடைந்த சார்பு என்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. உடைய அங்கே என்ன இருக்கிறது? நிறைவேறாத சார்பு என்பதே சரி.

நிறைவேறாமல் போவது எப்படி? மண்டபத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. உபுண்டு 22.04-ஐ 24.04 ஆக்கும்போது பாதியில் கரண்ட் போய்விட்டது. "அண்ணே, எதைப் போட்டாலும் டிபெண்டென்சின்னே சொல்லுது" என்றார் கடைத் தம்பி. திரையில் இருந்த செய்தியின் சாரம்: லிப்சி6 (பெரும்பாலான நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நூலகம்), 2.38 அல்லது அதற்கு மேல் வேண்டும், இருப்பது 2.35. பொதி இருக்கிறது, வேண்டிய பதிப்பில் இல்லை. 2022 டிசம்பரில் ரயில் நிறுத்தப்பட்ட பிறகும் பழைய பாம்பன் பாலம் கடலில் நின்றுகொண்டேதான் இருந்தது. ராமேஸ்வரத்துக்கு ரயில் போக 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்க வேண்டியிருந்தது. அந்த மாதிரி.

இதற்கு மருந்து எளிது. டிபிகேஜி, ஆப்ட் இரண்டும் பொதிகளை நிறுவும் கருவிகள். முதலில் 'டிபிகேஜி கான்ஃபிகர்' கட்டளை, பாதியில் நின்ற பொதிகளை அமைத்து முடிக்க. அப்புறம் 'ஆப்ட் ஃபிக்ஸ் புரோக்கன் இன்ஸ்டால்', விடுபட்ட சார்புகளைக் கொண்டுவர. கடைசியாக 'ஃபுல் அப்கிரேடு'. அதற்கும் மசியவில்லை என்றால் ஏதாவது பொதி 'ஹோல்டு' போட்டு நிறுத்தப்பட்டிருக்கிறதா, வெளியார் களஞ்சியம் (உபுண்டுவுடையது அல்லாத பொதிக் கிடங்கு) ஏதும் குறுக்கே நிற்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு வகை கொஞ்சம் முரடு. பழைய பிரிண்டர் டிரைவர் லிப்எஸ்எஸ்எல் 1.1-ஐக் (ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க மென்பொருளின் நூலகம்) கேட்கும், 22.04 முதல் உபுண்டுவில் இருப்பது லிப்எஸ்எஸ்எல் 3. பழைய கோப்பை எங்கிருந்தாவது இறக்கிப் போட்டால் வேலை நடக்கும்தான். ஆனால் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது. ஓட்டையைத் தெரிந்தே வீட்டுக்குள் விடுவானேன்? புது டிரைவரைத் தேடுங்கள்.

சார்பைச் சரிசெய்ய ஆப்ட் சில பொதிகளை நீக்கவும் கேட்கும். 'ஒய்' அழுத்துமுன் அந்தப் பட்டியலைப் படியுங்கள். அதில் டெஸ்க்டாப் பொதிகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் 'உபுண்டு டெஸ்க்டாப்' என்ற பெயர் இருந்தால் 'என்' அழுத்திவிட்டு, எந்தப் பொதி அதை வெளியே தள்ளுகிறது என்று முதலில் பாருங்கள்.