பனப்பாக்கத்துக்கு ஒரு கம்பெனி வருகிறது: மானியக் கணக்கு எப்படி ஓடுகிறது

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில், மாநில அரசு நிறுவனமான சிப்காட்டின் தொழிற்பூங்காவில் 2024-ல் இரண்டு அடிக்கல்கள் நாட்டப்பட்டன. செப்டம்பர் 28-ல் டாடா மோட்டார்ஸ் – ஜாகுவார் லேண்ட் ரோவர் கார் தொழிற்சாலை: முதலீடு 9,000 கோடி ரூபாய், வேலை 5,000 பேருக்கு. டிசம்பர் 16-ல் தைவானின் ஹோங் ஃபூ ஷூ தொழிற்சாலை: முதலீடு 1,500 கோடி, வேலை 25,000 பேருக்கு. இவை அறிவிப்பில் சொல்லப்பட்ட எண்கள். வகுத்துப் பாருங்கள். காரில் ஒரு வேலைக்கு 1.8 கோடி முதலீடு. ஷூவில் ஒரு வேலைக்கு 6 லட்சம். முப்பது மடங்கு வித்தியாசம், ஒரே ஊரில்.

இப்போது ஒரு மாநில அரசு ‘போட்ட முதலில் பத்து சதவீதம் மானியம்’ என்று பொதுவாக ஒரு விதி எழுதுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த விதிப்படி கார் வகைத் தொழிலில் ஒரு வேலைக்கு 18 லட்சமும் ஷூ வகைத் தொழிலில் ஒரு வேலைக்கு 60,000 ரூபாயும் போகும். அரசு யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. அளவுகோலாக எடுத்தது இயந்திரத்தின் விலையை, அதனால் பணமும் இயந்திரத்தின் பக்கம் போகிறது. கார் தொழிற்சாலையைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள் வரும், அங்கேயும் வேலை பிறக்கும் என்பது உண்மை. அதைச் சேர்த்தால் இடைவெளி குறையும். ஆனால் ‘எவ்வளவு மானியம்’ என்று கேட்பதற்கு முன்னால் ‘எதை அளந்து மானியம்’ என்று கேட்க வேண்டும். நம் வட ஆற்காட்டுப் பக்கம் இந்தக் கேள்வியை யாரும் போதுமான அளவு கேட்பதில்லை.

மானியம் என்றதும் கோட்டையிலிருந்து ஒரு காசோலை வருவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பகுதி அப்படி வருவதில்லை. முதல் அடுக்கு நிலம். சிப்காட் 1971-ல் தொடங்கியது, ராணிப்பேட்டை அதன் ஆரம்ப கால வளாகங்களில் ஒன்று. சிப்காட் நிலத்தை விற்பதில்லை, 99 ஆண்டு குத்தகைக்குத் தருகிறது. சாலை, தண்ணீர், வடிகால் எல்லாம் போட்ட மனையைச் சந்தை விலைக்குக் கீழே கொடுத்தால் அந்த வித்தியாசமே மானியம்தான், பட்ஜெட்டில் அந்தப் பெயரில் தெரியாது என்பது மட்டுமே வேறுபாடு. அடுத்த அடுக்கில் முத்திரைத்தாள் வரி விலக்கும், சில ஆண்டுகளுக்கு மின்சார வரி விலக்கும் வருகின்றன. இவை அரசு வாங்காமல் விடும் பணம். கையை விட்டு உண்மையாகப் பணம் போவது மூன்றாவது அடுக்கில்: மூலதன மானியம், அல்லது கட்டிய வரியைத் திருப்பித் தருவது.

வரியைத் திருப்பித் தருவது கேட்க நன்றாக இருக்கும். நம் பக்கத்துத் தொழிலுக்கு அது ஏன் உதவாது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2017 ஜூலை முதல் ஜி.எஸ்.டி. இருக்கிறது. அது பொருள் செய்யப்படும் இடத்துக்கு உரிய வரி அல்ல, பொருள் போய்ச் சேரும் இடத்துக்கு உரிய வரி. ஆம்பூரில் செய்த ஷூ சென்னையில் விற்றால் வரியில் பாதி தமிழ்நாட்டுக்கு. பெங்களூரில் விற்றால் அந்தப் பாதி கர்நாடகத்துக்கு. ஜெர்மனிக்கு ஏற்றுமதியானால் வரியே கிடையாது; மூலப்பொருள் வாங்கும்போது கட்டிய வரியையும் கம்பெனி திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆக ‘மாநில ஜி.எஸ்.டி.யில் நூறு சதவீதம் திருப்பித் தருகிறோம்’ என்று ஒரு ஏற்றுமதி ஷூ கம்பெனியிடம் சொன்னால், பூஜ்யத்தில் நூறு சதவீதம் என்றுதான் பொருள். உள்ளூரில் விற்கும் கம்பெனிக்கும் முதல் சில ஆண்டுகள் கையில் ஒன்றும் வராது, ஏனென்றால் இயந்திரம் வாங்கியபோது கட்டிய வரி வரவாக நின்று, விற்பனை வரியைக் கழித்துக்கொண்டே இருக்கும். இதனால்தான் தோல், காலணித் தொழிலுக்கு மூலதன மானியமோ சம்பளத்தை ஒட்டிய மானியமோ தேவைப்படுகிறது.

ஏற்றுமதி செய்தால் இவ்வளவு என்று நேராகவே கொடுத்துவிடலாமே என்றால், உலக வர்த்தக அமைப்பின் மானிய ஒப்பந்தம் அதைத் தடை செய்கிறது. இந்தியாவின் ஏற்றுமதி ஊக்கத் திட்டங்கள் சிலவற்றை எதிர்த்து அமெரிக்கா தொடுத்த வழக்கில் 2019-ல் அந்த அமைப்பின் நடுவர் குழு இந்தியாவுக்கு எதிராகவே முடிவு சொன்னது. ஆகவே மானிய ஆணையில் ‘ஏற்றுமதி’ என்ற சொல் நிபந்தனையாக நுழையாமல் பார்த்து எழுதுவார்கள்.

பெரிய கம்பெனிகளுக்கு மூலதன மானியம் ஒரே தவணையில் போவதில்லை, ஆண்டுத் தவணைகளாகப் பிரித்துத் தரப்படும். உதாரணத்துக்கு 10 கோடி மானியம், ஆண்டுக்கு ஒரு கோடி வீதம் பத்து ஆண்டு. கம்பெனி வங்கியில் 10 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குகிறது என்றால், பின்னால் வரும் பணத்தில் வட்டியைக் கழித்துப் பார்த்தால், இந்தப் பத்துத் தவணையின் இன்றைய மதிப்பு சுமார் 6.14 கோடிதான். செய்தித்தாளில் 10 கோடி, கம்பெனியின் கணக்காளர் மனதில் 6 கோடி. இப்படித் தவணையாகத் தருவது வீண் அல்ல, ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இனி சிறிய அளவில், கிட்டப் போய்ப் பார்ப்போம். ராணிப்பேட்டை பக்கம் ஒருவர் ஷூ யூனிட் போடுகிறார். தமிழக அரசின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மானியத்தில் தகுதியுள்ள இயந்திர மதிப்பில் 25 சதவீதம், அதிகபட்சம் 1.5 கோடி கிடைக்கும். தோல் பொருட்கள் அதில் முன்னுரிமைத் தொழில். தோல் வெட்டும் கிளிக்கிங் பிரஸ், ஓரம் சீவும் ஸ்கைவிங் மெஷின், வரிசையாகப் போஸ்ட் தையல் மெஷின்கள், ஷூ முனையை அச்சில் இழுத்துப் பொருத்தும் டோ லாஸ்டிங் மெஷின், ஒரு ஜெனரேட்டர். பில் மொத்தம் 4.72 கோடி. அவர் மனக்கணக்கில் மானியம் 1.18 கோடி.

மாவட்டத் தொழில் மையத்தில் அந்தக் கணக்கு நிற்காது. 4.72-ல் 72 லட்சம் ஜி.எஸ்.டி.; உள்ளீட்டு வரியாகத் திரும்பி வருவதால் அது விலையில் சேராது. மீதி 4 கோடி. டோ லாஸ்டிங் மெஷின் வெளிநாட்டிலிருந்து வந்த பழைய மெஷின், 40 லட்சம். பழைய இயந்திரத்துக்கு மானியம் இல்லை. 3.60. ஜெனரேட்டர் 20 லட்சம். அதற்குத் தனித் திட்டம், 25 சதவீதம், உச்சம் 5 லட்சம். அதையும் எடுத்தால் 3.40. இதில் கால்பங்கு 85 லட்சம். ஜெனரேட்டருக்கு 5 லட்சம். மொத்தம் 90 லட்சம். 1.18 கோடியை நம்பி வங்கிக் கடனைக் குறைத்து வாங்கியவர் 28 லட்சத்துக்கு வெளியே கைமாற்று தேட வேண்டியதுதான். நம் பக்கம் நல்ல யூனிட்டுகள் முதல் ஆண்டிலேயே திணறுவதற்கு இந்த ஒரு தவறு போதும்.

அடுத்தது காலம். உற்பத்தி தொடங்கிய பிறகுதான் மனு கொடுக்க முடியும். மின் இணைப்பு, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு, தொழிற்சாலை உரிமம், உத்யம் என்ற சிறுதொழில் பதிவு, கணக்குத் தணிக்கையாளர் சான்று எல்லாம் வேண்டும். பிறகு கள ஆய்வு, குழு ஒப்புதல், நிதி ஒதுக்கீடு. 85 லட்சம் வரும்வரை அந்த இடத்தில் வங்கிப் பணம் நிற்கும். 11 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 9.35 லட்சம், மாதம் 78,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை ஆண்டு தாமதமானால் 14 லட்சம் வட்டியிலேயே கரையும். திட்ட அறிக்கையில் மானியத்தை முதல் ஆண்டு வரவாகக் காட்டுவது தவறு. அதை இரண்டாம் ஆண்டுக் கடைசியில் போட்டு, அப்படியும் தவணை கட்ட முடிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கள ஆய்வில் என்ன பார்க்கிறார்கள்? தையல் மெஷினின் தலைக்குப் பக்கவாட்டில் ஒரு சிறிய உலோகத் தகடு இருக்கும். அதில் வரிசை எண். அது பில்லில் உள்ள எண்ணோடு பொருந்த வேண்டும். நாற்பது மெஷினுக்கு ‘தையல் மெஷின் 40’ என்று ஒரே வரியில் பில் வாங்கியவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். விற்றவரிடம் போய் எண்களோடு பட்டியல் வாங்கி வர வேண்டும்; அந்த விற்பனையாளர் அதற்குள் கடையை மூடியிருந்தால் பாடு அதிகம். ரொக்கமாகக் கொடுத்த பணம் செல்லாது, வங்கி வழி போயிருக்க வேண்டும். வருமான வரியில் இன்னொரு விஷயம்: மானியத்தை இயந்திர விலையில் கழித்துத்தான் தேய்மானம் போட முடியும். 3.40 கோடிக்கு அல்ல, 2.55 கோடிக்கு 15 சதவீதம்.

இவ்வளவும் நடக்கும் முன்பே இடம் தவறினால் எல்லாம் போச்சு. ஆறுகளிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் மாசு மிகுந்த தொழில்கள் புதிதாக வரக்கூடாது என்று 1989-ன் அரசாணை 213 சொன்னது; பாலாறு உள்ளிட்ட சில ஆறுகளுக்கு 1998-ன் அரசாணை 127 அதை 5 கிலோமீட்டராக்கியது. தோல் பதனிடுவது சிவப்பு வகை, அதாவது மாசு மிகுந்த தொழில். பதனிட்ட தோலை வாங்கித் தைப்பது வேறு வகை. ‘தோல் கம்பெனி’ என்று மனுவில் பொத்தாம்பொதுவாக எழுதினால் ஷூ தைக்கும் யூனிட்டும் டேனரி (தோல் பதனிடும் ஆலை) வரிசையில் போய் நின்றுவிடும்.

மானியத்தின் இன்னொரு வகை தனிக் கம்பெனிக்குப் போகாமல் ஊருக்குப் பொதுவான கட்டமைப்புக்குப் போவது. என் மதிப்பீட்டில் வேலூர் வட்டாரத்துக்கு அதிகப் பயன் தந்ததும், அதிகப் பாடம் தந்ததும் இதுதான். 1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்குத் தொடக்கத்தில் மத்திய அரசு 25, மாநில அரசு 25 சதவீதம் தந்தன. மீதி டேனரிகளின் பங்கும் கடனும். பின்னர் தரம் உயர்த்தும் பணிக்கு மத்திய உதவி 70 சதவீதம் வரை வந்தது.

எங்கே இடித்தது என்றால், இந்த மானியம் எல்லாமே கட்டுவதற்கு, ஓட்டுவதற்கு அல்ல. ஒரு கிலோ பச்சைத் தோலைப் பதனிட 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் போகும். தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பு முதல் ஊறலிலேயே தண்ணீரில் இறங்கிவிடும். வெளியேற்றும் நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. நுண்ணுயிரிகள் சாக்கடையைத் தின்னும், உப்பைத் தின்னாது. ஆகவே எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) கருவியில் அழுத்தி நல்ல தண்ணீரைப் பிரிக்கிறார்கள். மிஞ்சும் கெட்டியான உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் ஆக வேண்டும்.

1,000 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 630 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வேண்டும். அதனால்தான் நான்கைந்து கலன்களை வரிசையாக வைக்கிறார்கள். முதல் கலனில் எழும் ஆவி, அழுத்தம் குறைந்த இரண்டாம் கலனைச் சூடாக்கும். அதன் ஆவி மூன்றாவதை. நான்கு கலன் என்றால் செலவு ஏறக்குறைய கால்பங்காகும். கணக்கு சரி. ஆனால் சுண்ணாம்பும் சிலிக்காவும் குழாயின் உள்ளே படலமாகப் படியும். படலம் தடிக்கத் தடிக்க வெப்பம் போகாது, விறகும் நிலக்கரியும் கூடுதலாக எரியும், நிறுத்திக் கழுவ வேண்டும். இந்த மாதாந்திரச் செலவு டேனரிகளின் தலையில், ஆர்டர் குறைந்த மாதத்திலும். கடைசியில் கிடைக்கும் உப்பும் கலப்பு உப்பு. திரும்பத் தோலுக்குப் போட முடியாது, கூரை போட்டு அடுக்கி வைக்கத்தான் முடியும். கட்டும் செலவில் 70 சதவீதம் கொடுக்கும் அரசு, முதல் ஐந்து ஆண்டு ஆவிச் செலவில் ஒரு பங்கை, சுத்தம் செய்த லிட்டர் கணக்கில் கொடுத்திருந்தால் பாலாற்றுக்கு இன்னும் நல்லது நடந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கடைசியாக, கம்பெனி சொன்னதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? கொடுத்த பணத்தைத் திரும்ப வசூலிப்பது பேப்பரில் எளிது. கம்பெனி திவாலானால் அடமானம் பெற்ற வங்கி முன்னால் நிற்கும், அரசு பின்னால். அதனால்தான் பத்துத் தவணை முறை முக்கியம். கொடுக்காத தவணையை யாரும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் மானியத் தொகையை மூன்று ஆண்டு வங்கியிலேயே வைப்பாகப் பூட்டி வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

வேலை எண்ணிக்கையை எப்படி எண்ணுவது என்பதில்தான் அதிகமாக ஏமாறுகிறோம். நூறு பேருக்கு வேலை என்பது நிபந்தனை. ஷூ கம்பெனியில் சீசன் உண்டு. ஒன்பது மாதம் 60 பேர், ஜனவரி முதல் மார்ச் வரை 110 பேர் என்று வைத்தால், மார்ச் 31-ல் எண்ணினால் நிபந்தனை நிறைவேறிவிட்டது. வருங்கால வைப்பு நிதிக்கு மாதாமாதம் கட்டும் பட்டியலை எடுத்து, பன்னிரண்டு மாதத் தலைகளையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் 72.5. காண்ட்ராக்டர் வழி வரும் பெண்கள் இந்தப் பட்டியலில் இருக்கிறார்களா, காண்ட்ராக்டரின் தனி எண்ணில் இருக்கிறார்களா என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேரணாம்பட்டிலிருந்து விடிகாலை கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறவர்களில் எத்தனை பேர் எந்தப் பட்டியலில் என்பது அந்த இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.