அதே 7.5 மில்லி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் கிளினிக்கைத் திறப்பதற்கு முன்பே ஒரு பாட்டி பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். இரண்டு வயது, 12 கிலோ. "ராத்திரி பூரா மருந்து ஊத்துனேன் டாக்டரம்மா, காய்ச்சல் இறங்கவே மாட்டேங்குது" என்று பையிலிருந்து புட்டியை எடுத்துக் காட்டினார். பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

போன முறை நாங்கள் கொடுத்தது 5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள பாராசிட்டமால். வேளைக்கு 7.5 மில்லி. அது தீர்ந்ததும் கடையில் வாங்கிய புட்டியில் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம். பாட்டி அதே 7.5 மில்லியை ஊற்றியிருக்கிறார். மருந்து இரண்டு மடங்காகிவிட்டது. அம்மாவுக்கு ஃபேக்டரியில் இரவு வேலை, கிளம்பும்போது ஒரு வேளை கொடுத்திருக்கிறார். அதற்கப்புறம் பாட்டி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று ஐந்து வேளை. கணக்குப் போட்டால் 2,250 மில்லிகிராம். அந்த எடைக்கு ஒரு நாள் முழுக்கச் சேர்த்தாலும் 720-ஐத் தாண்டக்கூடாது. உடனே மருத்துவமனைக்கு அனுப்பினோம். இந்த மருந்து அளவு மீறினால் கெடுவது ஈரல். நல்லவேளை, அது தப்பியது. இந்த வருஷம் நான் பார்க்கும் மூன்றாவது பிள்ளை இது.

பாட்டியைத் திட்ட மனம் வரவில்லை. "காய்ச்சல் மண்டைக்கு ஏறிடும்" என்று அவருக்கு யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்த எல்லாரும் கேட்டு வளர்ந்த பேச்சுதான், நானும் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். கிருமியோடு சண்டை போட உடம்பே சூட்டை ஏற்றுகிறது, எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் அதற்குத் தெரியும். சாதாரண சளிக் காய்ச்சலே 40 டிகிரி வரை போகலாம். அந்தச் சூட்டில் மூளை கெடாது. மூளைக்காய்ச்சல் வந்தால் 38 டிகிரியிலும் மூளை கெடலாம். அங்கே கெடுப்பது நோய், சூடு அல்ல. பூட்டிய காருக்குள் மாட்டிக்கொண்ட பிள்ளையின் சூடு வேறு. அது வெளியிலிருந்து ஏறுவது, உடம்பின் கட்டுப்பாட்டில் இல்லை.

சரி, வலிப்பு? ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை சில பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வரும். மருந்தை அள்ளி ஊற்றினாலும் அதைத் தடுக்க முடியாது. வந்தால் பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மணியைப் பாருங்கள். வாயில் கரண்டி வைக்காதீர்கள், கையில் சாவிக்கொத்து திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்சுக்கு 999-ஐக் கூப்பிடுங்கள். நின்றுவிட்டாலும் முதல் தடவை என்றால் அன்றே காட்ட வேண்டும்.

பாராசிட்டமால் நோயைப் போக்காது, பிள்ளையின் அவஸ்தையைக் குறைக்கும், அவ்வளவுதான். 39 டிகிரி இருந்தும் பிள்ளை தண்ணீர் குடித்து விளையாடுகிறது என்றால் மருந்துக்கு அவசரமில்லை. தூங்கும் பிள்ளையை எழுப்பியும் மருந்து ஊற்றாதீர்கள். ஒரு வேளைக்கு, பிள்ளையின் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் கிடையாது. ஆசனவாயில் வைக்கும் மருந்தும் பெரும்பாலும் பாராசிட்டமால்தான். கிளினிக்கில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனதும் சிரப்பும் கொடுத்தால் அது இரண்டு வேளை. அப்புறம், போர்வையால் மூடாதீர்கள், ஐஸ் தண்ணீரில் துடைக்காதீர்கள், கைக்குழந்தைக்குச் சூடம் தேய்க்கவே கூடாது. பாட்டி திருநீறு பூசட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் உண்மையில் பயப்படுவது காய்ச்சல் இறங்கும் நேரத்துக்குத்தான். நம் பக்கம் டெங்கி எப்போதும் இருக்கிறது. டெங்கியில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விடும், ஆபத்து பெரும்பாலும் அப்போதுதான் தொடங்கும். "நேத்தே விட்டுடுச்சு டாக்டர்" என்று சொல்லி, கை கால் சில்லிட்ட பிள்ளையைக் கொண்டு வருகிறார்கள். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, துவண்டு கிடப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். டெங்கியோ என்று சந்தேகம் இருக்கும்போது ஐபுபுரோபன் வேண்டாம். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு எந்தக் காய்ச்சலுக்கும் வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி என்றால் வீட்டு வைத்தியமே கிடையாது, நடு இரவானாலும் கிளம்புங்கள்.

வரும்போது மருந்துப் புட்டியையும் எடுத்து வாருங்கள். அம்மா எத்தனை மணிக்குக் கொடுத்தார், பாட்டி எத்தனை மணிக்குக் கொடுத்தார் என்று ஐஸ்பெட்டிக் கதவில் ஒட்டிய ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் அதையும்.