கடைவீதி நெரிசல் எங்கே பிறக்கிறது?

நகரின் நடுவில் பழைய கடைகளை இடித்துவிட்டுப் பெரிய வணிக வளாகம் வரப்போகிறது என்றால், சாலையை அகலப்படுத்தச் சொல்லி உடனே குரல் எழும். ஆனால் நெரிசல் பெரும்பாலும் சாலையின் நடுவே பிறப்பதில்லை. சந்திப்பில்தான் பிறக்கிறது.

சிக்னலுக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதற்கு 1958-இல் பிரிட்டனைச் சேர்ந்த வெப்ஸ்டர் ஒரு சூத்திரம் தந்தார். இன்றும் பயன்படுகிறது. பச்சை எரிந்து கார்கள் இடைவிடாமல் போனால் ஒரு தடத்தில் மணிக்குச் சுமார் 1800 கார்கள் கடக்கலாம். குறுக்கிடும் இரண்டு சாலைகளிலும் தடத்துக்கு 720 கார்கள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 0.4 பங்கு நேரம் வேண்டும், ஆக மொத்தம் 0.8. ஒவ்வொரு சுற்றிலும் பச்சை மாறும்போது மொத்தம் 10 விநாடி வீணாகும். அதை 1.5-ஆல் பெருக்கி 5 கூட்டினால் 20. அதை, 1-இல் 0.8 போக மிச்சமிருக்கும் 0.2-ஆல் வகுத்தால், சிக்னல் ஒரு சுற்று சுற்றிவர 100 விநாடி.

சரி, வளாகம் திறந்து ஒவ்வொரு சாலையிலும் தடத்துக்கு மணிக்கு 90 கார்கள் கூடுகின்றன. நிமிடத்துக்கு ஒன்றரை கார்தான். ஆனால் மொத்தப் பங்கு 0.9 ஆகிவிடுகிறது, சுற்று 200 விநாடிக்குத் தாவுகிறது! அவ்வளவு நேரம் யாரும் நடைபாதையில் நிற்க மாட்டார்கள், சிவப்பிலேயே கடப்பார்கள். அதனால் சுற்றை 120 விநாடிக்குள் அடக்கினால், வீணாவது போக 110 விநாடி கிடைக்கும். தேவையோ 108. ஒரு கார் தயங்கி நின்றாலும் வரிசை கரையாது. அது நீண்டு முந்தைய சந்திப்பை அடைக்கும், அப்புறம் வளாகத்துக்குத் தொடர்பே இல்லாத வண்டிகளும் மாட்டிக்கொள்ளும்.

ஆகவே எத்தனை கார்கள் புதிதாக வரும் என்பதே முதல் கேள்வி. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கடைக்குள் நுழைபவர் அந்தச் சாலையில் ஏற்கெனவே இருப்பவர்தான். ஆனால் இதைச் சாக்காக வைத்து எண்ணிக்கையைத் தாராளமாகக் குறைப்பது ஆபத்து. வேலைநாள் மாலை, விடுமுறை நாள் பிற்பகல் இரண்டையுமே சோதிக்க வேண்டும்.

பார்க்கிங்கிலும் இதே தர்க்கம்தான். 600 இடம், சராசரியாக 2 மணி நேரம் தங்கல் என்றால், நிரம்பிய நேரத்தில் மணிக்கு 300 கார்கள் உள்ளே வரும். நுழைவுத் தடுப்பில் ஒரு காருக்கு 12 விநாடி ஆனால், ஒரு தடம் மணிக்குச் சரியாக 300 கார்களைத்தான் விடும். மூச்சுவிட இடமில்லை. இரண்டு தடம் வேண்டும், தடுப்பும் சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்க வேண்டும்.

சரக்கு லாரி வேறு விதமான சிக்கல். அது திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரத் தடத்தை விட்டு உள்பக்கம் ஒதுங்கும். அதற்காகத் தெருமுனையைப் பெரிதாக வளைத்தால் கார்களும் வேகமாகத் திரும்பும், நடப்பவர் கடக்கும் தூரமும் கூடும். நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 1953-இல் திறந்த லைன்பான் கடைவீதி இதைத் தெளிவாகத் தீர்த்தது: முன்புறம் நடப்பவர்களுக்கு மட்டும், சரக்கு பின்புறச் சாலை வழியாக. முடிந்த இடத்திலெல்லாம் இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

அகலப்படுத்துவதற்கும் ஒரு விலை உண்டு. நடப்பவர் விநாடிக்குச் சுமார் 1.2 மீட்டர் கடக்கிறார். 3 மீட்டர் அகலத்தில் இரண்டு தடம் கூட்டினால், அவர் கடந்து முடிக்க ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் 5 விநாடி தர வேண்டும். கார்களை எல்லாப் பக்கமும் நிறுத்தி அந்த நேரத்தைத் தருவதானால், அதுவும் சேர்வது வீணாகும் 10 விநாடிக் கணக்கில்தான்.