கடலில் மூழ்கியவருக்கு மூச்சுக் கொடுங்கள்

போன வாரமும் கடலில் மூழ்கிய ஒரு பையனை எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கரையில் இழுத்துப் போட்டதும் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அப்புறம் ஒருவர் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார், இன்னொருவர் வயிற்றை அமுக்கியிருக்கிறார். “தண்ணியெல்லாம் எடுத்துட்டோம் சார்” என்றார்கள். மூச்சு மட்டும் யாரும் கொடுக்கவில்லை.

தயவுசெய்து அந்தத் தண்ணீரை மறந்துவிடுங்கள். வயிற்றை அமுக்கினால் வெளியே வருவது அவன் குடித்த தண்ணீர். அது வயிற்றிலேயே கிடந்தால் ஒன்றும் ஆகாது. அமுக்கினால்தான் ஆபத்து: சாப்பிட்ட சோற்றோடு சேர்ந்து மேலே வந்து, நினைவில்லாதவனின் மூச்சுக்குழாய்க்குள் போகும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் தொங்கவிட்டாலும் கொட்டாது. அதன் அளவும் நீங்கள் நினைப்பதுபோல் குடம் குடமாக இல்லை. வாயில் நுரை வந்துகொண்டேதான் இருக்கும், அதைத் துடைத்துக்கொண்டு உட்காராதீர்கள். உடம்பை உப்பில் புதைத்தால் உயிர் வரும் என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்றுகிறது. உப்பளங்கள் இருக்கும் வாலிநோக்கம் பக்கம் உப்புக்குப் பஞ்சமில்லைதான், அதற்காக இதையெல்லாம் செய்து பார்ப்பதா?

சரி, வீடியோ பார்த்துக் கற்ற இளைஞர்கள் கேட்கிறார்கள்: “நெஞ்சை அமுக்கினாலே போதும், ஊத வேண்டாம்னு சொல்றாங்களே?” பாதி சரி. ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வரும் பெரியவர் நடக்கும்போதே சரிந்து விழுகிறார். அங்கே முதலில் நின்றது இதயம். ரத்தத்தில் இன்னும் சில நிமிடங்களுக்கு ஆக்சிஜன் இருக்கும், அதை மூளைக்குத் தள்ளிவிட்டால் போதும். 2010இல் வெளிவந்த அமெரிக்க, ஸ்வீடன் ஆய்வுகளில், உதவி கேட்டு போன் செய்தவர்களில் ஒரு பகுதியினரை அமுக்க மட்டும் சொன்னார்கள், மற்றவர்களை ஊதவும் சொன்னார்கள். பிழைத்தவர்களின் விகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அந்த ஆய்வுகளில் நீரில் மூழ்கியவர்களைச் சேர்க்கவே இல்லை! மூழ்கியவருக்கு மூச்சு முதலில் நின்று, ரத்தத்தில் ஆக்சிஜன் தீர்ந்த பிறகுதான் இதயம் நிற்கிறது. வெறுமனே அமுக்கினால் எதைத் தள்ளுவீர்கள்?

ஆகவே, கரைக்குக் கொண்டுவந்ததும் ஒருவர் 108க்குக் கூப்பிடட்டும். மூச்சு இல்லையென்றால், இன்னொருவர் தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, நெஞ்சு உயரும்படி 5 முறை ஊதுங்கள். 2 என்று கற்றவர்கள் 2 ஊதுங்கள், அதற்காக அங்கே நின்று வாதாட வேண்டாம். பிறகு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகத்தில், பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழத்துக்காவது அமுக்குங்கள். 30 அமுக்கலுக்கு 2 ஊதல். கால் புதையும் மணலில் வைத்து அமுக்கினால் உடம்பு உள்ளே போகுமே தவிர நெஞ்சு அமுங்காது, இறுகிய தரைக்கு நகர்த்துங்கள். விலா எலும்பு முறிந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். எப்போதாவது ஒருமுறை வாய் பிளந்து இழுப்பது மூச்சு அல்ல, அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள். முன்பின் தெரியாதவர் வாயில் வாய் வைக்கத் தயக்கமாக இருந்தால், அமுக்குவதையாவது செய்யுங்கள், சும்மா நிற்காதீர்கள்.

ஆள் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். சில மணி நேரம் கழித்துக்கூட மூச்சுத் திணறல் வரலாம். டீ, சோடா எதுவும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வையுங்கள்.