மூளைக் காயம்: திரையில் வரும் குணமும் வீட்டில் விழும் பழியும்

"இன்னொரு தடவை தலையில் அடிபட்டால் பழைய ஞாபகம் வந்துவிடுமா?"

மூளைக் காயம் பட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவில் உளவியலாளராக வேலை செய்கிறேன். நோயாளியின் வீட்டார் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நன்றாகப் படித்தவர்களும் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்பார்கள். வராது. இரண்டாவது அடி, காயப்பட்ட மூளையை இன்னும் கெடுக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். கேட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. சின்ன வயதிலிருந்து திரையில் பார்த்ததைத்தானே கேட்கிறார்கள்.

திரையில் கோமாவில் இருப்பவர் அயர்ந்து தூங்குவது போலப் படுத்திருப்பார். ஒரு நாள் விரல் அசையும், கண் திறக்கும், மனைவியின் பெயரைச் சொல்வார். 1970 முதல் 2004 வரை வந்த 30 திரைப்படங்களில் கோமாவை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று பார்த்த ஆய்வு ஒன்று 2006இல் நரம்பியல் இதழில் வெளிவந்தது. சரியாகக் காட்டியவை இரண்டே படங்கள்தான். அந்தக் காட்சிகளைப் போட்டுக் காட்டியபோது, பார்த்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள், தங்கள் வீட்டில் இப்படி ஒரு நிலை வந்தால் முடிவெடுக்கும்போது இவற்றையும் கணக்கில் கொள்வோம் என்றார்கள். வென்டிலேட்டரைத் தொடர்வதா வேண்டாமா என்று ஐ.சி.யு. வாசலில் நிற்கிற குடும்பத்தின் மனதில் அந்தக் காட்சியும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் இதற்கு அர்த்தம்.

உண்மையில் கண் திறப்பதும் சுயநினைவு வருவதும் ஒன்றல்ல. கோமா பெரும்பாலும் சில வாரங்களுக்கு மேல் நீடிக்காது. அதன் பிறகு கண் திறந்திருந்தும் எதையும் உணராமல் சிலர் இருப்பார்கள். மீண்டு வருகிறவர்களுக்கும் குழப்பமான ஒரு காலம் உண்டு. டியூபைப் பிடுங்குவார்கள், கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள், "வீட்டுக்குப் போகணும்" என்று கட்டிலை விட்டு இறங்கப் பார்ப்பார்கள், காலையில் வந்துபோன மகளை மாலையில் "ஏன் வரவே இல்லை?" என்று கேட்பார்கள். பெயர் சொல்லி அழைக்கப்போகிறார் என்று காத்திருந்த மனைவிக்கு முதலில் கிடைப்பது வசவு. இதை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அந்த அதிர்ச்சி பாதியாவது குறைந்திருக்கும்.

ஞாபகமறதியையும் திரை தலைகீழாகத்தான் காட்டுகிறது. கதாநாயகனுக்குத் தன் பெயரே மறந்துபோகும். ஆனால் குணம் அப்படியே தங்கமாக இருக்கும். நான் பார்க்கிறவர்களுக்குப் பெயர், ஊர், கல்யாண நாள் எல்லாம் தெரியும். விபத்தை ஒட்டிய சில மணி நேரமோ சில வாரங்களோதான் அழிந்திருக்கும். அது மூளையில் சரியாகப் பதியவே இல்லை என்பதால் பெரும்பாலும் திரும்புவதில்லை. புதிதாக எதையும் மனதில் நிறுத்துவதுதான் அவர்களுக்குப் பெரும்பாடு. அதைவிடப் பெரிதாக மாறியிருப்பது குணம். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளைப்பகுதி அடிபட்டால், கோபத்தை அடக்குவது, ஒரு வேலையைத் தானாகத் தொடங்குவது, எதிரே இருப்பவர் முகம் வாடுவதைக் கவனிப்பது எல்லாமே சிரமமாகிவிடும். குளிக்கச் சொன்னால் "சரி" என்பார், மத்தியானம் வரை அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். "எனக்கு ஒண்ணும் இல்லை, நாளைக்கே வேலைக்குப் போறேன்" என்பார். அது வீம்பும் இல்லை, பொய்யும் இல்லை. தன் குறையைத் தானே உணர வேண்டிய இடமும் அடிபட்டிருக்கிறது.

கடுமையான தலைக்காயம் பட்டவர்களின் குடும்பங்களை 1980களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தொடர்ந்து கவனித்தார்கள். "இவர் குணமே மாறிவிட்டது" என்று மூன்று மாதத்தில் சொன்னவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர். ஐந்து வருடம் கழித்து முக்கால்வாசிப் பேர் அப்படிச் சொன்னார்கள். கை கால் தேறத் தேற, மற்ற மாற்றங்கள் வீட்டாருக்குத் துலக்கமாகத் தெரிய ஆரம்பிக்கின்றன. படத்தில் அந்த நேரத்துக்கு வணக்கம் போட்டு முடித்திருப்பார்கள்.

இதையெல்லாம்விட என்னை வருத்துவது ஒன்று உண்டு. பல கதைகளில் மருந்தே அன்புதான். மனைவி பழைய பாட்டைப் பாடுவாள், முதன்முதலில் சந்தித்த இடத்துக்குக் கூட்டிப்போவாள், அவன் மீண்டுவிடுவான். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வீட்டில் அவர் மீளாதபோது, அந்தக் கதை அப்படியே அவள் மேல் பழியாகத் திரும்புகிறது. "நீ இன்னும் கொஞ்சம் பொறுமையாப் பேசியிருக்கலாம்" என்று நாத்தனார் சொல்வாள். மாமியார் வாய் திறந்து சொல்ல மாட்டார், பார்வையே போதும். கடைசியில் அவளே நம்பத் தொடங்கிவிடுவாள். "மேடம், என் பாசத்தில்தான் ஏதோ குறையோ?" என்று கேட்டு என் முன்னால் அழுத பெண்கள் உண்டு. நரம்பிழை அறுந்ததற்குப் பாசம் என்ன செய்யும்? பாசம் இருப்பதால் சிகிச்சையை விடாமல் தொடர முடிகிறது, அது பெரிய விஷயம். ஆனால் அறுந்ததை அது ஒட்ட வைக்காது.

அவள் இழந்தது ஒரு துணையை. அவர் உயிரோடு இருப்பதால் அதைத் துக்கம் என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை. "உயிர் பிழைச்சாரே, அதுவே போதும்" என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். ஆள் இருந்தும் இல்லாத இந்த நிலையைப் பற்றி அமெரிக்கக் குடும்ப சிகிச்சை நிபுணர் பவுலின் பாஸ் 1970களிலிருந்து எழுதி வருகிறார். முடிவு தெரியாத இழப்பு என்பதால் அதற்கு விடை கொடுக்கவும் வழியில்லை என்கிறார் அவர். என்னிடம் வரும் மனைவிகளுக்கு இதை விளக்கும்போது பலர் முதல் தடவையாகத் தயக்கமில்லாமல் அழுகிறார்கள்.

நேர்மையாக எடுத்த ஒரு நாடகம் இங்கே நிறைய உதவும். டிஸ்சார்ஜ் ஆன பிறகும் கேமரா அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். அப்பா எப்போது கத்துவாரோ என்று பிள்ளை டிவி சத்தத்தைக் குறைப்பது, நண்பர்கள் ஒவ்வொருவராக வராமல் போவது, வெளியே பார்க்க நன்றாக இருக்கிற ஆளைச் சோம்பேறி என்று உறவினர் சொல்வது, இவையெல்லாம் காட்சிகளாக வரட்டும். முதல் ஆறு மாதத்தில் வேகமாகத் தெரியும் முன்னேற்றம் அப்புறம் மெதுவாகும். ஆனாலும் வருடக்கணக்கில் தொடரலாம். அதையும் காட்டினால், ஆறு மாதத்தோடு பயிற்சியை நிறுத்திவிடுகிறவர்கள் குறைவார்கள்.

இப்படிப்பட்ட படத்தைக் காயம்பட்டவருடன் சேர்ந்து பார்க்க நினைத்தால் சிறிது சிறிதாகப் பாருங்கள். கதையைப் பின்தொடர்வதே அவருக்குக் களைப்பு. நிறுத்தி, இதுவரை நடந்ததை இரண்டு வரியில் சொல்லுங்கள். விபத்துக் காட்சி இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள், வேண்டாம் என்றால் தாண்டிப் போங்கள். முடிந்ததும் "இதில் எது நம்ம வீட்டில் நடக்குது?" என்று பிள்ளைகளையும் கேளுங்கள். வாய் திறக்காத பிள்ளைகள் இந்தக் கேள்விக்குப் பேசுவதைப் பார்த்திருக்கிறேன்.

உறவினராக இருந்து இதைப் படிக்கிறீர்கள் என்றால், அடுத்த முறை போகும்போது யோசனை எதுவும் சொல்ல வேண்டாம். அவரோடு இரண்டு மணி நேரம் நீங்கள் உட்கார்ந்துகொண்டு, அவர் மனைவியைத் தூங்கவோ வெளியே போகவோ விடுங்கள். எப்போது திரும்புவாள் என்று கேட்காதீர்கள். அடுத்த வாரம் எந்த நாள் வருவீர்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிட்டு வாருங்கள்.