ஆவாரம்பூ மூட்டையில உங்க ஊருக்கும் பங்கு இருக்கு

தை மாசம் எங்க ஊர்ப்பக்கம் வந்தா ரோட்டோரமா சாக்கு விரிச்சு ஆவாரம்பூ காயப்போட்டிருப்பாங்க, வெயில்ல அலைஞ்சு பறிக்கிறது பொம்பளைங்க, எடை போட்டு அள்ளிட்டுப் போறது ஏவாரி, அதுக்கப்புறம் அது பொடியாச்சா சோப்பாச்சான்னு யாருக்கும் தெரியாது. இதுக்குன்னே 2002ல ஒரு சட்டம் வந்துச்சு, பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம்னு பேரு (பல்லுயிர்னா செடி, கொடி, பறவை, பிராணின்னு எல்லா உயிரும்).

விஷயம் இதுதான். காட்டுலயும் புறம்போக்குலயும் கடல்லயும் தானா கெடைக்கிற செடி, கொடி, பாசியை வச்சு ஒரு கம்பெனி பொருள் பண்ணி வித்தா, மாநில பல்லுயிர் வாரியத்துக்கு முன்கூட்டியே சொல்லணும், வர்ற வருமானத்துல ஒரு பங்கும் குடுக்கணும். வெளிநாட்டுக் கம்பெனின்னா சென்னை தரமணியில இருக்குற தேசிய பல்லுயிர் ஆணையத்துகிட்ட அனுமதியே வாங்கணும். ஊர்க்காரங்க பறிக்கிறது, நாட்டு வைத்தியர் எடுக்கிறது இதுக்கெல்லாம் இந்த ரூல் கெடையாது, பயப்படாதீங்க. 2023ல சட்டத்தைத் திருத்தி, தோட்டத்துல பயிர் பண்ணுன மூலிகைக்கும் விலக்கு குடுத்துட்டாங்க, அதனால கண்ணுவலி (செங்காந்தள்) விதை வெளைய வைக்கிறவங்களுக்கு இதுல தலைவலி இல்ல. ஆனா காட்டுச் சரக்கைத் தோட்டத்துச் சரக்குன்னு பில் போட்டா யாரு போய் பாக்குறதுன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்யுது.

பங்கு எவ்வளவு? 2025ல வந்த விதிப்படி அந்தப் பொருளோட வருஷ விற்பனை 5 கோடி வரைக்கும் ஒண்ணும் கெடையாது, 50 கோடி வரை 0.2 சதவீதம், 250 கோடி வரை 0.4, அதுக்கு மேல 0.6. கேக்க சில்லறையா தெரியும், ஆனா 100 கோடிக்கு விக்கிற பொருள்னா 40 லட்சம் வருதே! இந்தியக் கம்பெனி நாங்க ஏன் குடுக்கணும்னு ராம்தேவ் தரப்போட மூலிகை மருந்துக் கம்பெனி திவ்யா பார்மசி கோர்ட்டுக்கே போச்சு, குடுத்துதான் ஆகணும்னு 2018 டிசம்பர்ல உத்தராகண்ட் ஹைகோர்ட் சொல்லிருச்சு. நம்ம ராமநாதபுரம் பக்கம் கடல்பாசி வாங்கி ஏத்துமதி பண்ணுன பெப்சி கம்பெனி 30 லட்சத்துக்கு மேல கட்டியிருக்கு.

இனிமேதான் முக்கியமானது. ஒவ்வொரு ஊராட்சியிலயும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்கணும், வியாபாரத்துக்குச் செடி கொடி எடுக்க வர்றவங்ககிட்ட கட்டணம் போடுற அதிகாரம்கூட அதுக்கு உண்டு. அந்தக் குழு ஊர்க்காரங்களைக் கேட்டு மக்கள் பல்லுயிர் பதிவேடு எழுதணும், எந்தச் செடி எங்க வளருது, எதுக்கு ஆகும், யாருக்கு வைத்தியம் தெரியும் எல்லாம் அதுல வரணும். பதிவேட்டுல இல்லாத செடிக்குப் பங்கு கேட்டா, அது எங்க ஊர்ச் செடின்னு எதை வச்சுக் காட்டுவீங்க? 2020 ஜனவரிக்குள்ள முடிக்கலன்னா மாநிலம் மாசம் 10 லட்சம் கட்டணும்னு, சுற்றுச்சூழல் வழக்கைப் பாக்குற பசுமைத் தீர்ப்பாயம் கண்டிஷன் போட்டதும் நாடு முழுக்க அவசர அவசரமா எழுதித் தள்ளுனாங்க. நான் ஒரு ஊர்ப் பதிவேட்டைப் புரட்டிப் பாத்தேன், வேம்பு, புளி, அரசு, காக்கா, கொக்கு, அவ்வளவுதான், பக்கத்து ஊர்லயும் அதே வரிசை, எழுத்துப்பிழைகூட மாறல. ஆவாரம்பூ ரெண்டுலயும் இல்ல.

இதே சட்டத்துல, அரிய உயிர்கள் இருக்குற இடத்தைக் காப்பாத்த பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு ஒண்ணும் இருக்கு. மதுரை அரிட்டாபட்டியை 2022 நவம்பர்ல அப்படி அறிவிச்சாங்க, தமிழ்நாட்டுலயே அதுதான் மொதல்ல. அப்புறம் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தப்ப, ஏல எல்லைக்குள்ள இந்தத் தலமும் மாட்டுதுன்னு மனு மேல மனுவா போச்சு, சனங்களும் ரோட்டுக்கு வந்தாங்க, 2025 ஜனவரியில ஏலமே ரத்து.

அதனால அடுத்த கிராம சபைக்குப் போனீங்கன்னா குழுவுல யார் யார் இருக்காங்க, பதிவேடு எங்கன்னு கேளுங்க, காட்டலன்னா 10 ரூபாய்க்கு ஆர்டிஐ (தகவல் உரிமைச் சட்ட மனு) போடுங்க. விட்டுப்போனதை எழுதச் சொல்லும்போது ஊர்ல கூப்பிடுற பேரையே சொல்லுங்க, சிறுகுறிஞ்சானை எங்க அப்பத்தா சர்க்கரைக்கொல்லின்னுதான் சொல்லும், அதையும் சேத்து எழுதணும்.